மீன்தொட்டிக்குள் மலை எழுப்புவது எப்படி?

மீன்தொட்டி வைத்திருக்கும் வீட்டில் மீனுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது தொட்டிக்குப் பின்னால் உள்ள சுவர். லயத்துக் காம்பராவில் மீனுக்கு முன்னதாகவே அது கண்ணில் பட்டுவிடும். அடுப்புப் புகை ஏறிய சுண்ணாம்பு, எந்தத் தீபாவளிக்கோ அடித்த நீலத்தின் மிச்சம், ஓர் ஆணி, அதில் முந்திய வருட நாட்காட்டி. இவற்றுக்கு முன்னால் ஒரு கப்பி வாலை விரித்து எவ்வளவு அழகு காட்டினாலும், பார்க்க வந்த மாமா சுவரைத்தான் பார்ப்பார். "வெள்ளையடிச்சா என்னா தம்பி?" என்பார். ஆகவே தொட்டிக்கு ஒரு பின்னணி வேண்டும். அதை வீட்டிலேயே செய்து, உள்ளே பொருத்தி, வீட்டாரோடு பேச்சுவார்த்தை முறியாமல் தண்ணீர் நிரப்பும் வரைக்குமான வழிகாட்டி இது.

"மலையா? கதவத் தொறந்தா நமுனுகுல நிக்குதே, அது பத்தாதா?" என்று அம்மாயி கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அந்த மலையை உள்ளே கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் சாமிப் படத்துக்கும் போக மிச்சம் இடமில்லை.

உண்மையான காரணம் வேறு, அதை அம்மாயியிடம் சொல்ல முடியாது. தோட்டத்தில் இஸ்தோப்பை இரண்டடி முன்னுக்கு நீட்டலாம் என்று நாலு கல்லை அடுக்கிப் பாருங்கள், மறுநாள் காலைப் பெரட்டில் உங்கள் பெயர் அடிபடும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மலையையே எழுப்பலாம், எந்தத் துரையும் கேட்க மாட்டார். லயத்தை விட்டுத் தனிவீடு என்ற பேச்சு வரும்போதெல்லாம் குடும்பத்துக்கு இத்தனை பேர்ச்சஸ் என்கிறார்கள். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. இரண்டடிக்கு ஓரடித் தொட்டியின் தளமோ இரண்டே சதுர அடி. இதற்குக் காணி உறுதி கேட்டு ஊர்வலம் போக வேண்டியதில்லை. அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டவும் மாட்டார், அதனால் கட்டி முடியும்.

முதலில் சோம்பேறிகளுக்கான வழியைச் சொல்லி முடித்துவிடுவோம். பதுளை டவுனில் மீன் விற்கும் கடையில் நீலப் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த காட்சியை அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு பக்கம் பவளப்பாறை, மறுபக்கம் நீர்ச்செடி. பெரும்பாலோர் பவளப்பாறையைத்தான் முன்னுக்குத் திருப்புவார்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 680 மீட்டர் மேலே, கடலையே காணாத ஒரு கப்பிக்குப் பின்னால் பவளப்பாறை. போகட்டும். இதை ஒட்டும்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நின்று வெள்ளிப் பூச்சாக மின்னும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி, தாளை அழுத்தி, பழைய அடையாள அட்டையால் வழித்துவிட்டால் காற்று போய்ப் படம் தெளிவாகும். ஓரத்தை செலோடேப் போட்டு மூடாவிட்டால் எறும்பு வரும். அவ்வளவுதான். இத்தோடு திருப்திப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வார இறுதி மிச்சம்.

மற்றவர்கள் எந்த மலை என்று தீர்மானிக்க வேண்டும். ஊவாவில் பிறந்தவர் முதலில் ஆசைப்படுவது துன்ஹிந்தைக்கு. அருவியின் உயரம் சுமார் 64 மீட்டர்; தொட்டியின் உயரம் 30 சென்டிமீட்டர். அளவுப்படி சுருக்கினால், அருவியடியில் நீந்தும் நாலு சென்டிமீட்டர் கப்பி எட்டரை மீட்டர் நீளமாகிவிடும். துன்ஹிந்தைக்குப் போனவர்கள் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. கொஸ்லந்தைப் பக்கம் தியலுமையைத் தேர்ந்தால் நிலைமை மோசம். அது சுமார் 220 மீட்டர். அதே கப்பி இங்கே 29 மீட்டராக நிற்கும். திருகோணமலைக் கடலில் மேயும் நீலத் திமிங்கிலம் தேயிலை மலைக்கு இடமாற்றம் பெற்று வந்த கதைதான். இது போக, தண்ணீருக்குள் தண்ணீர் விழுவதை எப்படிக் காட்டுவது என்ற சில்லறைச் சிக்கலும் உண்டு. வெள்ளை மணலைக் குழாயில் ஏற்றி விழவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டடித் தொட்டிக்கென்றே கட்டியது எல்லைக்கும் தெமோதரைக்கும் நடுவில் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம்தான். 1921இல் கட்டி முடித்தார்கள். நீளம் சுமார் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர். அறுபது சென்டிமீட்டருக்குள் நீளத்தை அடக்கினால் உயரம் 16 சென்டிமீட்டர் வரும். மேலே பாதித் தொட்டி வானத்துக்கு மிச்சம். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு கப்பி நுழைந்து வெளியே வரலாம். எஃகு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய பாலம் என்பதால் உங்களுக்கும் கம்பிச் செலவு இல்லை. தெமோதரையில் ரயில் ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைந்து சுற்றி வருகிறதே, அதைச் செய்யலாமா என்று வீட்டுப் பொடியன் கேட்பான். வேண்டாம். பாதை ஒரு வளைவு திரும்பினால் ரயில் வெளியே வரும். மீன் வராது. மூன்றாம் நாள் வாசனை வரும்.

இனி, தேவையான பொருட்கள்.

ரெஜிபோம். இதற்குச் சல்லி கொடுப்பது பாவம். தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்தது அலமாரிக்கு மேல் இருக்கும். இல்லாவிட்டால் லயத்தில் எந்த வீட்டிலாவது சடங்கு முடிந்திருக்கும். மணவறைக்குப் பின்னால் தாமரையாகவும் மயிலாகவும் நின்ற பலகையெல்லாம் மறுநாள் குப்பைமேட்டில் கிடக்கும். மயிலின் வயிற்றுப் பகுதி நல்ல கனம், பாறைக்கு அருமையாக உதவும். மூன்றாவது வழி, சந்தையில் கடல் மீன் வந்த பெட்டி. நாலு தடவை கழுவினாலும் நெத்தலி வாடை போகாது. அத்தோடு, செத்த மீன் வந்த பெட்டியை உயிருள்ள மீனுக்குச் சுவராக நிறுத்துவதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. மீனுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சீமெந்து, ஒரு கிலோ இருந்தால் கூடுதல். லயத்தில் யாராவது கக்கூஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் பேணி நிறையத் தருவார்கள். நிறத்துக்கு, தரைக்குச் சிவப்புப் பூசுகிற ஒக்சைட் தூள், கறுப்பு கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம். இவை இரும்புத் துரு வகை, மீனை ஒன்றும் செய்யாது. பச்சை மட்டும் வேண்டாம். தேயிலை மலையைப் பச்சையாகக் காட்டாவிட்டால் மனசு கேட்காதுதான், ஆனால் கையில் அகப்பட்ட பச்சைப் பெயின்டைத் தண்ணீருக்குள் வைக்காதீர்கள். பச்சைக்கு ஒரு மாதம் பொறுங்கள், பாசி தானே ஏறும்.

சீமெந்து குழைக்கும் வாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொப்புள நோய் 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. அதிலிருந்து தோட்டங்களில் செம்பு கலந்த மருந்தடிப்பது வழக்கமாகிவிட்டது. மருந்து கலக்கிய வாளி பழசானதும் எப்படியோ லயத்துக்கு வந்து, நாலு பேர் கை மாறி, உங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும். அதில் குழைக்காதீர்கள். செம்பு துளி போதும், நத்தையும் இறாலும் முதலில் போகும், மீன் பின்னால் போகும். வாளி யாருடையது, எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் வீண் சண்டை. பேசாமல் ஐஸ்கிரீம் டப்பாவில் குழையுங்கள்.

சிலிக்கன். ஹார்ட்வெயார் முதலாளி "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஒன்றல்ல. குளியலறைக்கென்று விற்பதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்திருக்கும். பூஞ்சைக்கு ஆகாதது மீனுக்கும் ஆகாது. மீன்தொட்டிக்கு ஏற்றது என்று குழாயிலேயே எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முதலாளி ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து எடுத்துத் தருவார். விலையைக் கேட்டதும் ஏணி உங்களுக்கும் தேவைப்படும்.

செதுக்கும் வேலை சுலபம், சந்தோஷமானதும்கூட. ரெஜிபோமைத் தொட்டியின் அளவைவிட நாலு புறமும் மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள், சீமெந்துப் பூச்சு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியின் மேல்விளிம்பில் குறுக்குக் கண்ணாடிப் பட்டி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முழுப் பலகையையும் செதுக்கிப் பூசி அழகுபார்த்துவிட்டு, உள்ளே இறக்கப் போகும்போதுதான் பெரும்பாலோர் அந்தப் பட்டியைக் கவனிப்பார்கள். இரண்டு துண்டாகச் செய்து, பொருத்து பாறை இடுக்கில் மறைகிற மாதிரி வைத்துக்கொள்வது புத்தி. கத்தியால் வெட்டி, விரலால் பிய்த்து, மெழுகுவர்த்தியைக் கிட்டப் பிடித்து உருக்கினால் பாறை முகம் தானாக வரும். உருக்குவதை முற்றத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஸ்பிரே பெயின்டையும் தின்னரையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். ரெஜிபோம் கண்முன்னே கரைந்து ஓடும். செதுக்கச் செதுக்க வெள்ளை உருண்டைகள் காற்றில் பறந்து பக்கத்துக் காம்பரா அக்காவின் சோற்றுப் பானை வரை போகும். அவர் எட்டிப் பார்த்து, "என்னா, நுவரெலியாவுல ஐஸ் கொட்டுதா?" என்று கேட்டால் சிரித்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

அடுத்தது பூச்சு. இங்கேதான் ஊவாக்காரர் ஒரு பெருமையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ஆடி ஆவணியில் மலைக்கு இந்தப் பக்கம் வீசும் கச்சான் காற்று கொழுந்தை வாட்டி வாசமேற்றும். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் இருக்கும் பெயர் அந்தச் சில வாரங்களில் சம்பாதித்தது. அதே காற்றில் உங்கள் பின்னணியைக் காயவைத்தால் பாளம் பாளமாக வெடிக்கும். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. முதல் பூச்சைத் தோசை மாவைவிடத் தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் எல்லா இடுக்கிலும் ஏற்றுங்கள். ஒரு நாள் விட்டு அடுத்தது, கொஞ்சம் கட்டியாக. மூன்றாவதில் மணலும் நிறமும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஈரச் சாக்கைப் போர்த்தி வையுங்கள். மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கு சாக்கு வேண்டாம். அது காணாமல் போனால் வீட்டில் வேறு விதமான கச்சான் வீசும்.

இறுகியதும் ஊறவைக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைக்காரருக்கு மறுபடியும் மீன் வியாபாரம் கொடுக்கிறவர்கள். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீர் கடுங்காரமாகும். டவுன் பைப்புத் தண்ணீரைவிட நம் பீலித் தண்ணீரில் இந்தத் தொல்லை வேகமாகத் தெரியும். பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை, அது நல்லது. ஆனால் மலை ஊற்றின் மென்மையான தண்ணீரில் காரத்தைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகளும் குறைவு, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்தாலே ஒரேயடியாக ஏறிவிடும். பெரிய பேசினில் பின்னணியை அமுக்கி, மேலே கல் வைத்து, நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, மூன்று நாலு வாரம் விடுங்கள். முதல் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி ஊற்றினால் வேலை சுருங்கும்.

போதுமா என்று பார்ப்பதற்குக் கடையில் சோதனைக் குப்பி இருக்கிறது. வாங்க மனமில்லாதவர்கள் அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் எடுத்து மஞ்சள் தூளைப் போடலாம். சிவந்தால் காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, சந்தையில் அது தங்கமாகிக் கிடந்த காலத்தில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் குடும்பத்திலிருந்து தள்ளிவைத்திருப்பார்கள். இப்போது ஒரு சிட்டிகைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. பேசின் எங்கே போனது என்றுதான் கேட்பார்கள். ஒரு மாதத்துக்குக் குளிக்கவும் துணி துவைக்கவும் பேசின் இல்லாத வீட்டில் அழகுணர்ச்சியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இதற்கிடையில் கட்டை தேடலாம். பழைய மலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நடும் தோட்டங்களில் பிடுங்கிப்போட்ட தேயிலைக் கட்டை கிடைக்கும். வருடக்கணக்கில் கவ்வாத்து வாங்கி வாங்கி முறுகி, முடிச்சு விழுந்து, கையளவு உயரத்திலேயே நூறு வயசுக் கிழ மரத்தின் தோரணையோடு இருக்கும். ஜப்பானில் தகாஷி அமானோ என்ற புகைப்படக்காரர் கல்லையும் கட்டையையும் செடியையும் வைத்துத் தொட்டிக்குள் காடுகளை உண்டாக்கி உலகப் புகழ் பெற்றார். 2015இல் காலமானார். அந்தப் பாணியில் தொட்டி அமைக்க ஒரு வளைந்த கட்டைக்கு வெளிநாட்டில் கொடுக்கும் காசைக் கேட்டால் நாம் அடுப்பு எரிப்பதை நிறுத்திவிடுவோம். மருந்து படாத பழங்கட்டையா என்று கேட்டு எடுத்து, பட்டையை உரித்து, மண்ணெண்ணெய் டின்னில் போட்டு அவித்து, மூழ்கும் வரை ஊறப்போடுங்கள்.

எவ்வளவு அவித்தாலும் கொஞ்சம் சாயம் இறங்கத்தான் செய்யும். தொட்டித் தண்ணீர் மெல்ல மெல்லப் பிளேன்டீயாகும். பயப்பட வேண்டாம். மரத்துச் சாயம் மீனுக்குத் தீங்கில்லை. இலை உதிர்ந்து கறுத்த ஓடைகளில் வாழ்கிற மீன்களுக்கு அதுதான் சொந்த ஊர். களனி முதல் நில்வளை வரைக்குமான ஈரக்காட்டு ஓடைகளில் இருக்கும் செரி பார்ப் அப்படிப்பட்டது. 1929இல் தெரணியகல என்ற விலங்கியலாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1883இல் கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கிய நாளிலிருந்து நல்ல தேயிலையெல்லாம் மலையிறங்கிப் போகிறது, பறிக்கிறவர்கள் தூளைக் குடிக்கிறார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இனிப் பட்டியலில் மீனையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டைத் தேயிலை.

கடைசி வேலை, பொருத்துவது. இதை அலட்சியமாகச் செய்கிறவர்களுக்கு ஆர்க்கிமிடீஸ் நேரில் வந்து பாடம் நடத்துவார். இரண்டடி நீளம், ஓரடி உயரம், இரண்டங்குலக் கனம் உள்ள ரெஜிபோம் ஒன்பது லீட்டர் தண்ணீரைத் தள்ளிவிட்டு உட்காருகிறது. அதன் சொந்த எடையோ இருநூறு கிராமுக்குக் கிட்ட. சீமெந்துப் பூச்சைக் கழித்தாலும் ஏறக்குறைய எட்டுக் கிலோ விசை அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எட்டுக் கிலோ அரைப்பேருக்கே காணாது. தொட்டிக்குள் அது வேறு கணக்கு. ஒட்டு விட்டால் நடுச்சாமத்தில் பாலம் அடியோடு கிளம்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு, பாதித் தண்ணீரைக் கட்டிலில் ஊற்றிவிட்டு மிதக்கும். எழும்பிப் பார்க்கிறவர் நித்திரைக் கலக்கத்தில் மண் சரிந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார். ஊவாவில் அந்தப் பயம் விளையாட்டில்லை.

ஆகவே கண்ணாடியைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பலகையின் முதுகு முழுக்கச் சிலிக்கனை வரி வரியாக இழுத்து அழுத்துங்கள். ஈரக் கண்ணாடியில் அது பிடிக்காது. நாலு ஓரத்தையும் இடைவெளி விடாமல் அடையுங்கள். விரல் நுழையும் சந்து இருந்தால் கப்பி நுழையும்; பின்னால் போன கப்பியை எடுக்கப் பாலத்தை உடைக்க வேண்டிவரும். தொட்டியைப் படுக்கவைத்து, உள்ளே செங்கல் பாரம் ஏற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். மேட்டுப் பக்கம், அப்புத்தளை போன்ற குளிர் இடங்களில், இன்னும் இரண்டு நாள். வினாகிரி நெடி முழுசாகப் போகும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்துக் காம்பராவில் "அச்சாறு போடுறீங்களா?" என்று கேட்பது நின்றதும் தண்ணீர் ஊற்றலாம். நிரப்பிய தொட்டி கல்லும் மணலுமாக எழுபது கிலோவுக்குக் கிட்ட வரும். தையல் மெசின் மேசை தாங்காது. அதன் மேல் வைக்கிறவர்கள் அது யாருடைய சீதனம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மீனை அவசரப்பட்டு விடாதீர்கள். மோட்டரை ஓடவிட்டுச் சில வாரம் பொறுத்து, முதலில் இரண்டு மூன்றை மட்டும் விடுங்கள். பதுளை டவுனின் வெப்பத்துக்குக் கப்பி தாங்கும். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும், ஹீட்டருக்குக் கரண்ட் பில் வேண்டும். அதைவிட கோல்ட் ஃபிஷ் மலிவு. கறுத்த பின்னணிக்கு முன்னால் மீனின் நிறம் ஆழமாகும், வெளிறிய பின்னணியில் அதுவும் வெளிறும். தோலின் நிறமணிகளைச் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப விரித்தும் சுருக்கியும் மீனே செய்துகொள்ளும் வேலை இது. இந்த விஷயத்தை மாமா வரும்போது சொல்லலாம். அவர் தொட்டியை நெடுநேரம் பார்ப்பார். சுவர் தெரியாது. வளைவுகளை எண்ணி ஒன்பது இருக்கிறதா என்று சரிபார்ப்பார். பிறகு, "ரயில எங்க?" என்பார்.

அதன் பிறகு நீங்கள் எதிர்பாராத ஒன்று நடக்கும். மேல் லயத்திலிருந்து ஒருவர் வருவார், அவருக்குத் துன்ஹிந்தை வேண்டும். கீழ் டிவிஷனிலிருந்து இன்னொருவர், தம்பதென்னையில் லிப்டன் துரை உட்கார்ந்து பார்த்த உச்சியை, துரை இல்லாமல், செய்து தர முடியுமா என்று கேட்பார். கொந்தரப்பாகவே எடுத்துச் செய்யலாம், தப்பில்லை. கூலியைப் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். "சம்பளம் போட்டதும் தாறேன் தம்பி" என்றால் எந்தச் சம்பளம் என்று கேளுங்கள். பேச்சுவார்த்தையில் இருப்பதா, வர்த்தமானியில் வந்ததா, கையில் வருவதா என்பதில் வித்தியாசம் இருக்கிறது. தீபாவளி முற்பணத்தில் தருகிறேன் என்றால் சரி சொல்லலாம். அப்போதும் சிலிக்கனுக்கான சல்லியை மட்டும் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட்வெயார் முதலாளி கடன் எழுதுவதில்லை.